எட்டாவது கிளாஸ்

பதினொரு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து, சமையல் மேடையில் வரிசையாக நிற்கும் எட்டு உயரமான கிளாஸ்களுக்குள் இறங்கியிருக்கிறது. மகளின் வருங்கால மாமியார் குடும்பத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சிரிப்பு இங்கே வரை கேட்கிறது. பெண்ணைப் பெற்றவள் ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மாம்பழக் கூழ் விட்டு, நாலு மாதுளை முத்துகளைப் போட்டு, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரைக்கும் ஒயினை ஓரமாக இறக்குகிறாள். கீழே மஞ்சள், மேலே பொன்னிறம். நடுவே முத்துகள் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு ஏறி ஏறி இறங்குகின்றன. அடுத்த கிளாஸுக்குத் திரும்புவதற்குள் பின்னால் டிங் டிங்கென்று சத்தம். மருந்துக்கடையில் முப்பது வருடம் மருந்து கலக்கிக் கொடுத்த கை அவள் கணவருடையது. அது சும்மா இருக்காது. ஸ்பூன் சுற்றியதும் நுரை உஸ்ஸென்று அடங்கி, கிளாஸ் இருமல் மருந்து மாதிரி கலங்கி நிற்கிறது.

"கலக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உங்களோட மாரடிக்க என்னால முடியலை."

"எல்லாம் அடியிலயே தங்கிடுதேம்மா."

ஏழு கிளாஸுக்கும் இதே கதி. பாட்டிலில் மிச்சமிருப்பது ஒரு கிளாஸுக்குத்தான். அதை அவள் ஊற்றி முடிக்கும்வரை அவர் ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, நல்ல பிள்ளையாக நிற்கிறார். பையில் மஞ்சள் ஈரம் பரவுகிறது. எட்டாவது கிளாஸை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். அது உயிரோடு இருக்கிறது. ஒரு வாய் குடிக்கிறாள். புளிப்பு நாக்கைச் சுருட்டுகிறது; இனிப்பு முழுக்க அடியில் கிடக்கிறது. கூடத்தில் சிரிப்பு நின்று, "உள்ள ஏதாவது உதவி வேணுமா?" என்று குரல் வருகிறது. அவள் கணவரின் முகத்தைப் பார்க்காமல், சட்டைப்பையை மட்டும் பார்த்துக் கையை நீட்டுகிறாள்.