வாப்பாவின் அறைச் சுவர்

உளி இறங்கியதும் நாற்றம் குப்பென்று எழுந்தது. றிஷானா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு. துறைமுகத்து உப்புக்காற்றுக்கு இத்தனை வருடம் அசையாமல் நின்ற சுவர். இப்போது இடுப்பளவுக்குக் கீழே மஞ்சளாக ஊறி, கொப்புளம் கொப்புளமாக உப்பி, தொட்டால் சேறாகக் கையோடு வந்தது.

வாப்பாவின் கட்டில் கிடந்த ஓரம் அது.

பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுத மனிதர், இரவில் எழும்பிச் சுவரில் சிறுநீர் கழிப்பதா? சீ!

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டாள். வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. நஜீஸ், அசுத்தம் பட்ட உடம்பு என்று தானே முடிவுகட்டிவிட்டார் போலும்.

போன மாதம் அவரைக் குசினிக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். மகள் றிஷானாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் அவருக்கு மிஞ்சிய இடம் அதுதான். அறைக்கதவைச் சாத்தியது சாத்தியதுதான். பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது றிஷானாவின் மகள் இன்ஷிராவைப் பெண் கேட்டு மூதூரிலிருந்து வரப்போகிறார்கள். அடுத்து வீடு அவள் பேருக்குப் போகும். வருகிறவர்கள் அறை அறையாகப் பார்ப்பார்கள். நாறுகிற சுவரைக் காட்ட முடியுமா?

எல்லாவற்றையும் கொத்திவிட்டுச் சீமெந்து பூசிப் பெயின்ற் அடிப்போம், மாமா கொட்டிலிலேயே இருக்கட்டும் என்பது புருஷன் றுவைஸின் யோசனை.

றிஷானாவுக்கு அதற்கு மனம் வரவில்லை. நெஞ்சளவு உயரத்துக்கு டைல்ஸ் பதித்தால் என்ன? மீன்கடைக் கல்லைக் கழுவுகிற மாதிரி ஹோஸ் பிடித்துக் கழுவிவிடலாம். வாப்பாவையும் திரும்பக் கூட்டி வரலாம். தன் பெரிய மனதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேசன் சின்னராசா உளியைக் கீழே வைத்தார். "டைல்ஸோ பூச்சோ தங்கச்சி? சொன்னாத்தான் மிச்சத்தைக் கொத்தலாம்."

றுவைஸ் வரட்டும் என்றாள். அவன் சுவருக்கு மறுபக்கம் இருந்தான். தங்கள் படுக்கையறையோடு சேர்த்துப் போன வருடம் கட்டிய கக்கூசில்.

அங்கே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

கொத்திய பள்ளத்தில் முதலில் ஒரு கசிவு. பிறகு கோடாக வழிந்தது. பிறகு மஞ்சள் தண்ணீர் கொடகொடவென்று கொட்டி, நிலத்தில் பரவி, அவளுடைய வெறும் காலை நனைத்தது.

சின்னராசா தன் காலை இழுத்துக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

றிஷானா காலை எடுக்கவில்லை. வாப்பாவுடையது இல்லை. ஒருநாளும் இல்லை. எல்லாம் தானும் புருஷனும் கழித்தது. இவ்வளவு நாளும் அந்த மனிதரைப் பார்த்துச் சுளித்த முகத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

உளிச் சத்தம் கேட்டுக் கொட்டிலிலிருந்து வாப்பா எழும்பி வந்திருந்தார். அறை வாசலுக்கு வெளியே, நிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே காலடி வைக்கவில்லை.

நிலத்தில் பரவிய ஈரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். குனிந்து, தான் உடுத்திருந்த சாரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"எனக்குத் தெரியாம, ராவு நான் இங்க வந்தனானா மகள்?"