சத்தம் கேட்காத வீடு

“அந்த வீட்டில பிள்ளையே இல்லைத் தங்கச்சி! நான் அந்தப் பக்கம் அடிக்கடி போறனான். ஒரு நாளும் ஒரு சின்னச் சத்தம் கேட்டதில்லை. கள்ள விலாசம் குடுத்து இடம் பிடிச்சிருக்கினம். பதிவு நடந்த அண்டைக்கு அங்க நிண்ட ஒராள்தான் எனக்குச் சொன்னது.”

தொலைபேசியில் குணரத்தினம் பொரிந்து தள்ளினார். அவர் தமிழ்ச் சங்கத் தலைவர். ஆண்டு விழா மேடையில் ஏறினால் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டார்.

“உங்கட பேத்திக்கும் அதே பள்ளிக்கூடம்தானே கேட்டிருக்கிறியள், அங்கிள்?” என்றாள் வித்தியா.

“சீச்சீ, அதுக்காகச் சொல்லேல்லை. நியாயம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?”

மொன்றியலில் ஒரு பள்ளிச் சபையில், எந்தப் பள்ளியில் எத்தனை இடம், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும் பிரிவுக்கு வித்தியாதான் தலைவி. பார்க் எக்ஸ்டென்ஷன் பள்ளியின் பாலர் வகுப்பில் இருந்த கடைசி இடம், றோசா என்பவளின் மகள் அபிஷாவுக்குப் போயிருந்தது. அவள் பெயரை எடுத்துவிட்டால் அடுத்து வருவது குணரத்தினத்தின் பேத்தி. அபிஷா நகரின் மறுகோடிப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

“பதிவுக்கு வந்த அன்று அந்தக் குழந்தை வாயே திறக்கவில்லை. பெயரைக் கேட்டதற்குக்கூட அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது. அதைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா?” என்று பிரெஞ்சில் கேட்டாள் உதவியாளர் செலீன்.

“விலாசம் பொய் என்றால் பொய்தான். நான் போய்ப் பார்க்கிறேன்.”

சொந்தச் சனத்துக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் நாக்குமேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது. அதனால் தமிழ்ப் பெயர் என்றால் வித்தியா இரண்டு மடங்கு கறார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீடு பார்க்கப் போவதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. தான் யார் என்று முதலில் சொல்ல மாட்டாள். வாசலில் கழற்றி வைத்திருக்கும் சப்பாத்துகளைத்தான் பார்ப்பாள். நம்மவர் வீட்டில் எத்தனை பேர், எந்த வயது என்பதை அவை சொல்லிவிடும்.

பெப்ரவரிக் குளிரில் மூன்று மாடி ஏறினாள். வாசலில் ஒரு பெண்ணின் பனிச் சப்பாத்தும் ஓர் ஆணின் பழைய சப்பாத்தும் இருந்தன. குழந்தையின் சப்பாத்து எதையும் காணோம்.

தட்டியதும் கதவு ஒரு சாண் திறந்தது; றோசா எட்டிப் பார்த்தாள்.

“இந்த வீட்டில எத்தனை பேர் இருக்கிறியள்?”

“நானும் இவரும்தான், அக்கா.”

“பிள்ளையள்?”

“பிள்ளையள் ஒண்டும் இல்லை.”

“அப்ப அபிஷா ஆர்?”

றோசாவின் முகம் வெளிறிப்போனது. “அவள்... ரொறன்ரோவில, என்ர அக்காவோட இருக்கிறாள். சத்தியமா இங்க இல்லை.”

வித்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியம் வேறு!

“நல்லது. அப்ப பள்ளிக்கூடத்தில அவளின்ர பேரை எடுத்துவிடுறன். அந்த இடத்துக்கு வேற பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கு.”

சொல்லிவிட்டுப் படியிறங்கத் திரும்பினாள். றோசா வெறுங்காலோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பள்ளிக்கூடமோ? அக்கா, நீங்கள் வீட்டுக்காரர் அனுப்பின ஆள் இல்லையோ?”

“வீட்டை வாடகைக்குத் தந்தவருக்கு இதில என்ன?”

றோசா வித்தியாவை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ச் சுவர் அலுமாரியைத் திறந்தாள். தொங்கிய கோட்டுகளுக்குக் கீழே, தன் சின்னப் பனிச் சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, இனிக் கதைக்கலாமோ?” என்றாள் மெதுவாக.

றோசா தலையசைத்து மகளை வெளியே எடுத்தாள்.

“பிள்ளை இருக்கிற ஆக்களுக்கு வீடு இல்லையெண்டு முதல்லயே சொல்லிப்போட்டார். சுவர் ஊத்தையாகுமாம், கீழ் வீட்டுக்குச் சத்தம் கேக்குமாம். அகதியாய் வந்த எங்களுக்கு வேற ஆர் அக்கா வீடு தந்தது? பிள்ளை இல்லையெண்டு பொய் சொல்லித்தான் எடுத்தனாங்கள். ஆரும் கதவைத் தட்டினால் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு அலுமாரிக்குள்ள ஓடிடுவாள். பெத்த நானே அவளை அப்பிடிப் பழக்கிப்போட்டன்.” றோசா விம்மினாள்.

“அழாதேங்கோ. பிள்ளை இருக்கெண்டு வீட்டை விட்டு எழுப்ப இந்த நாட்டுச் சட்டம் விடாது. ஆரும் எழுப்ப வந்தால் நான் சாட்சி சொல்லுறன். பள்ளிக்கூட இடமும் அபிஷாவுக்குத்தான்.”

வித்தியா தரையில் உட்கார்ந்து சிறுமியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். யார் என்று சொல்லாமல் கதவைத் தட்டிய தன் கெட்டித்தனத்தை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாய் திறக்காத பிள்ளையைப் பற்றிச் செலீன் சொன்னதைத் தான் காதில் வாங்கவில்லையே என்றும் இருந்தது.

“ஆர் உங்கட வீட்டுக்காரர்?”

றோசா தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னாள். வித்தியாவுக்கு அது நன்றாகத் தெரிந்த பெயர்.

“நான் அவரோட கதைக்கட்டோ, றோசா?”

றோசா மகளைப் பார்த்தாள். பிறகு சரியென்று தலையை ஆட்டினாள். வித்தியா கைத்தொலைபேசியை எடுத்தாள்.

“அங்கிள், வித்தியா கதைக்கிறன். நீங்கள் சொன்ன வீட்டிலதான் நிக்கிறன்.”

“பாத்தீங்களோ? நான் சொன்னது சரிதானே? பிள்ளை இல்லைத்தானே?” என்றார் குணரத்தினம் உற்சாகமாக.

“இருக்கு, அங்கிள். உங்களுக்குப் பயந்து உங்கட வீட்டு அலுமாரிக்குள்ள இருந்தவள். இனிச் சத்தம் கேக்கும்.”