சிவப்பு முள்

"பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? மொதல்ல அதைச் சொல்லுங்க தம்பி."

பெண் பார்க்க வந்த வெங்கடேஷ் இன்னும் காபியில் வாய்கூட வைக்கவில்லை. சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருக்கும் பன்னீர்செல்வத்துக்கு ஜாதகமெல்லாம் அப்புறம்தான். பர்மனென்ட் இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று டவுன்ஷிப் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனிதர்.

சமையலறை வாசலில் நின்று அவர் மகள் சரிதா எட்டிப் பார்த்தாள். ஆசைப்பட்டவனை ஒருவழியாகக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வரவழைத்துவிட்டாள். இந்த ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் போதும்.

"இதைப் பாருங்க சார்!" வெங்கடேஷ் இடது கையை நீட்டினான். "பெங்களூருல எங்க கம்பெனி பண்ற வாட்ச். இதோட விலைக்கு ஒரு காரே வாங்கலாம். நான்தான் டிசைன் பண்ணினேன்!"

கண்ணாடிக்குள் குட்டிக் குட்டிப் பல்சக்கரங்கள் சுழன்றன. பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம மைன்ஸ் மெஷினு கியர்பாக்ஸ் மாதிரியே கீதே! தமயந்தி, ஓடியாந்து பாரு!"

அவர் மனைவி தமயந்தி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"சாவி குடுத்தா ஸ்பிரிங்ல ஓடும் சார். அடியில மட்டும் ஒரு சிப். அது நாடி பாத்து இந்தச் சிவப்பு முள்ளுக்குச் சொல்லும். நெஞ்சு படபடன்னு அடிச்சா முள் குதிக்கும்!"

"ஸ்பிரிங்கும் சிப்பும் சேந்து குடும்பம் நடத்துதுன்னு சொல்லுங்க!"

பன்னீர்செல்வம் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கடேஷின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொண்டுவந்திருந்த தாம்பூலத் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"எல்லாம் சரி தம்பி. பர்மனென்ட்தானே?"

"பர்... பர்மனென்ட்தாங்க சார்."

சிவப்பு முள் ஒரே தாவலாகத் தாவிக் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. பார்க்காதவர்கள் யாருமில்லை.

வெங்கடேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "கான்ட்ராக்ட்தாங்க சார். அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆக்கிடுவாங்க."

"என் வூட்டுல குந்திகினு எங்கிட்டயே பொய்யா!" பன்னீர்செல்வம் எழுந்துவிட்டார். தட்டு மெல்லப் பின்னால் போனது. சரிதாவின் கண்கள் நிரம்பிவிட்டன.

"கழட்டுங்க அதை! யோக்கியன் கையில முள்ளு எப்படி நிக்கும்னு நான் காட்டறேன்."

வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து நிதானமாக மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் முள் சமர்த்தாகக் கீழே இறங்கி நின்றது.

"பாத்தீங்களா? தமயந்தியப் பொண்ணு பாக்கப் போனப்ப இவங்க அப்பாவும் இதையேதான் கேட்டாரு. நான் உங்கள மாதிரி முழிக்கல தம்பி. நெஞ்ச நிமித்திகினு சொன்னேன், நான் பர்மனென்ட்டுன்னு!"

முள் துள்ளி எழுந்து கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

தமயந்தி முள்ளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க... அப்ப எங்கப்பாகிட்ட நீங்க சொன்னது?"

பன்னீர்செல்வம் அவசர அவசரமாக வாட்சைக் கழற்றினார். "சம்பந்தியம்மா, இன்னும் என்ன பாத்துகினு கீறீங்க? நல்ல நேரம் போவுது, தட்ட மாத்துங்க!"