பெண்குருவி கேட்ட கேள்வி

கிணற்றுக்கு மேல் சாய்ந்த பனையோலையில் ஓர் இளம் தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னல் அந்த வட்டாரத்தில் வேறு எந்த அலகுக்கும் வராது.

"இதெல்லாம் சோறு போடுமா மாப்ளே?" என்றது மட்டையில் உட்கார்ந்திருந்த காகம். "குப்பைமேட்டுல காவல் வேலை இருக்கு. நாளைக்கே வந்து சேரு."

"இன்னைக்குப் பொண்ணு வந்து கூட்டைப் பார்க்குது அண்ணே. அதுக்குப் பிடிக்கலைன்னா வர்றேன். பிடிச்சுப்போச்சுன்னா ஆயுசுக்கும் பின்னிக்கிட்டே இருப்பேன்."

பெண்குருவி வந்தது. ஒவ்வொரு முடிச்சையும் அலகால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தது. உள்ளே போன பெண் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசியில் தலையை நீட்டி, "இப்படி ஒரு கூட்டை நான் பார்த்ததே இல்லைங்க" என்றது.

இளங்குருவி ஓலையில் ஒரு துள்ளுத் துள்ளியது.

"சரி, என்ன வேலை பார்க்கிறீங்க?"

"இதுதாங்க."

"இது உங்க திறமைங்க. நான் கேட்டது வேலையை."

பெண்குருவி கூட்டைவிட்டு வெளியே வந்து, பறப்பதற்குச் சிறகை விரித்தது.

"மாப்பிள்ளைக்குக் குப்பைமேட்டுல வேலைம்மா! நாளைக்குச் சேர்றான்!" என்று மேலிருந்து கத்தியது காகம்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சிரித்துவிட்டு, பெண்குருவி கூட்டுக்குள் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது.