ஐந்து மணிவரை மௌனம்

அந்த ஐரோப்பியப் பாதுகாப்புக் கூட்டமைப்பில் கைதூக்கி வாக்களிக்கும் பழக்கம் இல்லை. தீர்மானத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். குறித்த மணிவரை யாரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறிவிடும். ட்ரோன்களை மறிக்கும் கருவிகளைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பும் தீர்மானம் மூன்று நாளாக அப்படி மௌனத்தில் கிடந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி காத்ரியின் தம்பி ரைவோ அந்த எல்லையில்தான் காவலில் இருந்தான்.

கெடு முடியும் ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் ஒரு நாடு வாய் திறந்தது. கருவிகளை ஏற்றிப்போகும் லாரிகளில் யாருடைய கொடி முன்னால் பறக்கும் என்று கேட்டிருந்தது.

“வேண்டாம்னா சொன்னோம்? சும்மா ஒரு சந்தேகம்தாம்மா,” என்று காத்ரியிடம் சிரித்தார் அந்நாட்டுப் பிரதிநிதி ஆர்மாண்ட்.

விதிப்படி மௌனம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இன்னும் மூன்று நாள்.

எல்லையிலிருந்து ரைவோ போனில் கூப்பிட்டான். “என்னக்கா, உங்க பெரிய மனுஷங்க பேசாம இருந்தாங்களா?”

“ஒருத்தர் பேசிட்டார்டா.”

அவன் சிரித்தான்.

“அம்மா கேட்டா, கருவி வந்துடுச்சுன்னு சொல்லிடு,” என்றான்.