பாதி மஞ்சள், பாதி கருநீலம்

“இன்னும் நெருங்கி உக்காருங்க லா. எம்ஆர்டி ரயில்ல பக்கத்து சீட்டுக்காரங்க மாதிரி இருக்கீங்க,” என்றார் வீட்டு முகவர் சுந்தரேசன்.

நானும் துவாரகனும் ஆளுக்கு இரண்டு அங்குலம் நகர்ந்தோம். சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான், அதனால் குற்றமில்லை.

வீடு பார்க்க வருகிறவர்கள் லிஃப்டில் ஏறிவிட்டார்களாம். அரை மணி நேரம் நாங்கள் சந்தோஷமான தம்பதியாக இருக்க வேண்டும். இதற்கு முன் வந்த இரண்டு குடும்பங்கள், நாங்கள் பிரியப் போகிறோம் என்று தெரிந்ததும் ராசியில்லாத வீடு என்று ஓடியே போய்விட்டன.

எனக்கு இந்த வீடு விற்றாக வேண்டும். சிங்கப்பூரின் மறுகோடியில், தெம்பனிஸில் ஒரு வாடகை அறை பார்த்துவைத்திருக்கிறேன். அதில் கதவு இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த சுவா சூ காங் வீட்டுக்கு வந்தபோது, காதல் தலைக்கேறி உள்சுவர்களையெல்லாம் இடித்தோம். நமக்குள் சுவர் எதற்கு என்று கேட்டவன் துவாரகன். ஆஹா என்று தலையாட்டிய அறிவாளி நான். மிஞ்சியது இரண்டே கதவுகள். ஒன்று கழிவறை. இன்னொன்று பாம் ஷெல்டர், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் இரும்புக் கதவுச் சிற்றறை; அதன் சுவரில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதால் பிழைத்தது.

மூன்றாம் வருடம் எங்களுக்குள் எல்லாம் முடிந்தது. அரசு அடுக்குமாடி வீடு என்பதால் ஐந்து வருடம் குடியிருக்காமல் விற்கவும் முடியாது. ஒளிந்துகொள்ளச் சுவரும் இல்லை.

ஆகவே பெயிண்ட் வாங்கினோம்.

வீட்டின் குறுக்கே தரையில் ஒரு டேப் ஒட்டினோம். என் பாதிக்கு மஞ்சள் அடித்தேன், அவனுக்கு மஞ்சள் ஆகவே ஆகாது. தேக்கா சந்தையில் கிளிப்பச்சைத் துணி எடுத்து, அங்கேயே தையல்காரரிடம் கொடுத்துத் திரைச்சீலை தைத்து வாங்கினேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மாங்காய் போட்ட துணி.

அவன் விடுவானா? தன் பாதிக்குக் கருநீலம் அடித்து, ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வளைந்து வளைந்து ஓடும் வால்பேப்பர் ஒட்டினான். அதை ஐந்து நிமிடம் பார்த்தால் எனக்குத் தலைவலி வரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் ஆரஞ்சுக் கம்பளம் விரித்தேன். அவன் வரிக்குதிரைக் கோடு போட்ட மெத்தை உறை வாங்கினான்.

இந்தப் போரைப் படமெடுத்து, ‘துணிச்சலான வண்ணங்களில் ஒரு கனவு இல்லம்’ என்று விளம்பரம் போட்டார் சுந்தரேசன். லைக் பிய்த்துக்கொண்டு போனது.

கதவு திறந்தது. சுஜீந்திரன், தர்ஷனா. இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணமாம்.

“செம்ம லா! யாரு டிசைனர்?” என்று சுற்றிச் சுற்றி வந்தான் சுஜீந்திரன்.

“நாங்களேதான். ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துச் செஞ்சோம்,” என்றான் துவாரகன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தர்ஷனா குனிந்தாள். டேப்பை உரித்த பிறகும் தரையில் போகாமல் நின்ற தடத்தைப் பார்த்தாள். சமையல் மேடையைப் பார்த்தாள். இரண்டு கெட்டில், இரண்டு ரைஸ் குக்கர் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றை ஒளித்துவைத்த நாங்கள், இரண்டு உப்பு ஜாடிகளை மறந்திருந்தோம்.

“பாம் ஷெல்டர் பாக்கலாமாக்கா?” என்று கேட்டாள்.

அழைத்துப் போனேன். மற்றவர்கள் வீட்டில் அங்கே பயணப் பெட்டியும் அரிசி மூட்டையும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு டிஷ்யூ டப்பா. அங்கே மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. அழ வேண்டியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முதலில் போகிறவருக்கே இடம். அவனும் போவான் என்பது எனக்குத் தெரியும், டிஷ்யூ குறைந்திருக்கும்.

தர்ஷனா டிஷ்யூ டப்பாவைப் பார்த்தாள். பிறகு, கடையில் சோபாவை உட்கார்ந்து பார்ப்பதுபோல அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள்.

“சாத்திட்டா வெளிய சத்தம் கேக்குமாக்கா?”

“கேக்காது.”

“அப்ப இந்த வீட்டையே எடுத்துக்குவோம்,” என்றாள். இரும்புக் கதவை உள்ளிருந்து மெல்ல இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

வீடு விற்றுவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தெம்பனிஸ் அறையின் சாவியே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த மூடிய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன்.

“உங்க ரெண்டு பேரையும் பாத்தாலே தெரியுதுக்கா, இது ராசியான வீடு,” என்றான் சுஜீந்திரன்.

“நாங்க பிரியப் போறோம், தம்பி. இந்தக் கலர் எல்லாம் சண்டைல வந்தது,” என்றேன். “வீட்ட அப்புறம் பாக்கலாம். உள்ள அந்தப் பொண்ணு ஏன் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான்னு முதல்ல போய்க் கேளுங்க.”

சுந்தரேசனின் முகம் போன நிறத்தை எந்தப் பெயிண்ட் கடையிலும் கலந்து தர மாட்டார்கள்.

 சுஜீந்திரன் போய் இரும்புக் கதவை விரல் முட்டியால் தட்டினான். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினான்.

துவாரகன் என்னைப் பார்த்தான். நான் தரையில் இருந்த டேப் தடத்தைப் பார்த்தேன்.

இரண்டு வருடத்தில் அந்தக் கதவை எங்கள் வீட்டில் யாரும் வெளியிலிருந்து தட்டியதில்லை.