கிளாரா சொன்னால்தான் கஞ்சி

மரியஜான் விட்ட காற்றுக்கு, நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்து, குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் போய்த்தான் இறங்கின.

அதுவும் ஒரு சாண் குடலை வெட்டி எடுத்த நாலாம் நாள்.

வயிற்றைக் கிழித்து வெட்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாலே நாலு ஓட்டை. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசு. டாக்டர் சிவப்ரியா டிவியைப் பார்த்துக்கொண்டே, பேனாத் தண்டியில் கம்பிகளை உள்ளே விட்டு, கட்டியோடு குடலை நறுக்கி வெளியே எடுத்து, மிச்சத்தை இணைத்துவிட்டார்.

இதே கட்டிக்கு மரியஜானின் அண்ணனை இருபது வருஷத்துக்கு முன் நெஞ்சாங்குழியிலிருந்து அடிவயிறு வரை கிழித்தார்கள். இருபத்தெட்டு நாள் படுக்கை. மரியஜானோ மறுநாள் காலையிலேயே எழுந்து நடந்தார். நர்ஸ் சுஜா பிடித்து நிறுத்தியிராவிட்டால் வேளிமலை ஏறியிருப்பார்.

ஒன்றுதான் பாக்கி. காற்று பிரிய வேண்டும்.

மயங்கிக் கிடக்கும் குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ரெண்டாம் நாள் டாக்டர் கேட்டபோது, கஞ்சி ஆசையில், ரெண்டு தடவை போயிற்று என்று மரியஜான் அளந்துவிட்டார்.

கஞ்சி வந்தது. வந்த வழியே திரும்பியும் போயிற்று.

அதோடு டாக்டர் அவரிடம் கேட்பதை விட்டார். கிளாராவிடம்தான் கேட்டார்.

கிளாரா அவர் பெண்டாட்டி. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் அவர் வேலை பார்த்த காலத்திலிருந்தே, அவர் சொல்வதில் பத்தில் ஒன்பதைத் தள்ளிவிட்டுத்தான் காதில் வாங்குவாள். போதாக்குறைக்கு, அந்தக் காற்றுச் சங்கதியைப் பற்றி நாற்பத்தொரு வருஷமாக அவள் வாய் திறந்ததில்லை. ஜெபத்தின் நடுவில் யாராவது விட்டால் மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டாள். டாக்டர் வந்து நின்ற போதெல்லாம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று காலை டாக்டர் கெடு வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் பிரியாவிட்டால் மூக்கு வழியே குழாய், பிறகு ஸ்கேன். இணைத்த இடம் கசிந்திருந்தால் மறுபடி தியேட்டர். இந்தத் தடவை அண்ணனைக் கிழித்த மாதிரியே கிழிக்க வேண்டிவரும்.

மரியஜான் வராந்தாவில் நடையைப் போட்டார். ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அவர். டிரிப் குழாயைப் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் தோழிபோல் பின்னால் கிளாரா. முப்பது சுற்று. அதை நேராக நடந்திருந்தால் கன்னியாகுமரிக் கடலில் போய்க் காலை நனைத்திருக்கலாம்.

அவருக்கு ஒன்றுமில்லை. கிளாராவுக்குத்தான் மூச்சிரைத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நின்றாள். நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கால் ஓடாதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்கு, கடைசி ஜன்னல் பக்கம், வந்தது.

முதலில் கடலுக்கு அப்பால் ஓர் இடி. பிறகு கொடியேற்றத்துக்குப் போடும் கதினா வெடி. சன்ஷேடிலிருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பின. வராந்தாவின் மறுகோடியில் டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஏதோ கதவு அடித்துக்கொண்டது என்று நினைத்தாராம்.

மரியஜான் ரெண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது நினைவே இல்லை.

டாக்டர் பக்கத்தில் வந்தார். அவரைப் பார்க்கவே இல்லை. கிளாராவைப் பார்த்தார்.

கிளாரா தரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று.

“ஏட்டி கிளாரா, கேட்டியா?” என்றார் மரியஜான்.

கிளாரா நிமிர்ந்தாள்.

“போச்சு டாக்டரம்மா. நான் கேட்டேன். கஞ்சி ரெண்டு பேருக்குச் சொல்லுங்க. நாலு நாளா நானும் பாலில்லாத வெறும் கட்டன்சாயாலதான் நிக்கேன்.”